தாத்தாவின் வாட்ச்சை ஓட வைக்கலாம், அசல் பாகங்களை இழக்காமல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பீரோ லாக்கரைக் காலி செய்யும்போது அப்பாவின் வாட்ச்சோ தாத்தாவின் வாட்ச்சோ கைக்கு வரும். நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாக இருக்கும்; அதிலும் சாவி கொடுக்கும் ஜனதா மாடல். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்த வீடு என்றால் சீகோ 5. இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போனால் வெஸ்ட் எண்ட், ஃபாவ்ரே லூபா மாதிரி சுவிஸ் பெயர்கள். கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்போம், ஓடாது. அடுத்த நாளே கடைக்குக் கொண்டு போவோம். "புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதி வாட்ச் போய்விடுகிறது.

ஓட வைப்பது ஒரு வேலை. புதுசாக்குவது வேறு வேலை. முதலாவதுக்கு மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் போதும், வெளியே தெரியும் எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டாவதில் டயல், முள், கேஸ் (வெளிக்கூடு), சாவி (பக்கத்தில் திருகும் குமிழ்) என்று தாத்தா கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது எல்லாம் மாறிவிடும். கடைகளில் இரண்டையும் ஒன்றாகவே செய்து பழகிவிட்டார்கள், நாமும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டோம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்கான வழிதான். ஜனதாவை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற வாட்ச்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எச்.எம்.டி.க்கு இதில் கூடுதல் அவசரம் உண்டு. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பு, பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று விரிந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பழைய மாடல்களுக்கு அசல் டயல் இனிக் கிடைப்பது அரிது. சந்தையில் "புது எச்.எம்.டி. டயல்" என்று கிடைப்பவற்றில் நிறைய, பழைய தகட்டைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவை. உங்கள் கையில் இருக்கும் மங்கலான டயலைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவது நஷ்ட வியாபாரம்.

முதல் படி: சாவி கொடுக்காதீர்கள், படம் எடுங்கள்

லேசாக ஆட்டினால் ஓடுகிறது என்பதற்காகக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போக வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த வாட்ச்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓட விட்டால் சக்கரங்களின் ஊசிமுனை அச்சுகள் தேயும். அசல் பாகம் தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்?

நின்றுபோன வாட்ச்சைப் பார்த்து "ஓவரா சாவி குடுத்துட்டாங்க" என்று சொல்வது நம் வழக்கம். முழுச் சாவி கொடுத்ததால் மட்டும் எந்த வாட்ச்சும் கெடுவதில்லை. எண்ணெய் காய்ந்ததால் மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது இறுகும் சுருள்) சுற்றியபடியே நின்றிருக்கும், அவ்வளவுதான். தாத்தா மேல் பழி போட வேண்டாம்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். டயலை நேராக ஒன்று, சாய்த்து ஒன்று. நான்கு கொம்புகள் (ஸ்ட்ராப் மாட்டும் காதுகள்), பக்கவாட்டு விளிம்பு, சாவி, பின்மூடி, ஸ்ட்ராப்பின் கொக்கி. வாட்ச்சைத் துடைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். கல்யாணப் படத்திலோ அலுவலகக் குழுப் படத்திலோ அந்த வாட்ச் கையில் தெரிந்தால், டயலின் நிறம், முள்ளின் வடிவம், அன்று செயினா தோல் ஸ்ட்ராப்பா என்பதெல்லாம் ஓரளவு தெரியும். பில், உத்தரவாத அட்டை, பிளாஸ்டிக் பெட்டி எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். "அது நடுவுல ஒரு தடவை கண்ணாடி உடைஞ்சு மாத்தினாரு" என்ற ஒரு தகவல் பின்னால் பெரிய குழப்பத்தைத் தீர்த்து வைக்கும்.

இரண்டாம் படி: பின்மூடியைத் திறப்பது

இதை நீங்களே கத்தியை விட்டு நெம்ப வேண்டாம். கத்தி வழுக்கினால் கேஸில் ஒரு கோடு, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மயிரிழை போன்ற சுருளான ஹேர் ஸ்பிரிங் போச்சு. ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோய் உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

திறந்ததும் மெஷினையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுங்கள். மூடியின் உள்ளே ஊசியால் கீறியது போல எண்களோ எழுத்துகளோ இருக்கலாம். முன்பு சர்வீஸ் செய்தவர்கள் தங்களுக்காகப் போட்டுவைத்த குறிப்புகள் அவை, சிலர் தேதியும் போட்டிருப்பார்கள். அதைப் பாலிஷ் போட்டு அழிக்கச் சொல்லாதீர்கள். மூடியின் வெளியே "பணி ஓய்வு நினைவாக" என்றோ கல்யாணத் தேதியோ பொறித்திருந்தால் அதற்கும் இதே விதி.

சீகோவாக இருந்தால் பின்மூடி நிறைய பேசும். 7009-க்குப் பின் ஒரு கோடு போட்டு நான்கு இலக்கம் என்ற மாதிரி எண் இருக்கும். முதல் பாதி மெஷினின் எண், மறுபாதி கேஸின் எண். தனியாக இருக்கும் ஆறிலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது இடத்தில் இருப்பது மாதத்தைக் குறிக்கும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்துக் கணக்கிட வேண்டும். டயலின் அடிவிளிம்பிலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதில் இருக்கும் மெஷின் எண்ணும் மூடியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் யாரோ டயலை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருப்பதை வைத்து வாட்ச் முழுதும் ஸ்டீல் என்று நம்பிவிடாதீர்கள். பல பழைய வாட்ச்களில் மூடி மட்டும்தான் ஸ்டீல், கேஸ் பித்தளைமேல் முலாம். இது ஏன் முக்கியம் என்பது கேஸ் பற்றிய படியில் தெரியும்.

மூன்றாம் படி: எது அசல், எது ஏற்கெனவே மாறியது

மறுபடி அச்சடித்த டயலைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண லென்ஸ் போதும். எழுத்துகளின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேர்கின்றனவா? அடிவிளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கிறதா, அல்லது பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா? தேதி ஜன்னலின் ஓரம் பெயின்ட் வழிந்தது போல இருக்கிறதா? கேஸ் முழுதும் தேய்ந்து டயல் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சிலோ நீலத்திலோ சிரித்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப் பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புது அச்சு அடித்து இணையத்தில் விற்பவற்றைச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

டயலில் கம்பெனிப் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தால் அது போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரிய விற்பனைக் கடைகள் தங்கள் பெயரையும் டயலில் போட வைத்தார்கள். சென்னை அண்ணா சாலையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் தாங்கிய பழைய கடிகாரங்கள் இன்றும் சில வீடுகளில் உண்டு. அந்தப் பெயர் வாட்ச்சின் மதிப்பைக் கூட்டும்.

தாத்தாவே தன் காலத்தில் மாற்றிய பாகம் ஒன்று இருந்தால்? என் கருத்தில் அது இருக்கட்டும். கம்பெனிக்கு அது அசல் இல்லை, உங்கள் குடும்பத்துக்கு அசல்தான். விற்பதற்காகச் சீரமைக்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

நான்காம் படி: கடையில் பேசுவது

நல்ல ரிப்பேர்காரரைக் கடையின் பளபளப்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஜனதாவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடியவராக இருக்கலாம். பேட்டரி மாற்றுவது மட்டும் தெரிந்தவர்களும் உண்டு. "மெஷினை முழுசாப் பிரிச்சுத்தானே சர்வீஸ் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்ல, பெட்ரோல்ல ஒரு முக்கு முக்கினா ஓடிடும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாட்ச்சை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிரிக்காமல் கழுவினால் அழுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், இருக்கிற எண்ணெயும் கரைந்துவிடும். கொஞ்ச நாள் ஓடும்தான். அதற்குள் நீங்கள் பணம் கொடுத்துவிட்டிருப்பீர்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"டயல் போயிடுச்சு தம்பி. புது டயல் ஒண்ணு போட்டு, கேஸை பஃப் அடிச்சிட்டா ஷோரூம் பீஸ் மாதிரி ஆயிடும்."

"வேணாம்ண்ணே. தாத்தாவோடது. பழசாவே இருக்கட்டும், ஓடினா போதும். டயலைத் தொடாம மெஷினை மட்டும் பாருங்க."

பஃப் என்றால் சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள், பழசாகவே திருப்பிக் கொடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் நீங்கள் கேட்பது என்ன என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி வாட்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள். வேலை செய்யப்போவது கடையில் இருக்கும் இன்னொருவராக இருக்கலாம், வாய்ச்சொல் அவரிடம் போய்ச் சேராது. சீட்டில் இவை இருந்தால் போதும்:

- டயலைக் கழுவவோ மாற்றவோ கூடாது. முள்ளுக்குப் பெயின்ட் கூடாது
- கேஸுக்கு பஃப், முலாம் கூடாது
- எந்தப் பாகத்தை மாற்றுவதானாலும் முதலில் போன் செய்து கேட்க வேண்டும்
- கழற்றிய பழைய பாகம் எவ்வளவு சின்னதானாலும் திருப்பித் தர வேண்டும்

கடைசி வரிதான் உயிர். பழைய பாகம் திரும்பி வருகிறது என்றால் எந்த முடிவையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மெஷின் சர்வீஸ்

இங்கே தாராளமாக இருக்கலாம். மெயின் ஸ்பிரிங், ரப்பர் வளையம், எண்ணெய் மூன்றும் தேய்ந்து மாறுவதற்கென்றே உள்ளவை. அவற்றை அசல் என்று பிடித்து வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. மற்ற சக்கரங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் தகடுகளான பாலங்கள், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரம் எல்லாம் கழுவி மாட்டினால் பெரும்பாலும் போதும்.

ஜனதாவின் மெஷின் 17 ஜூவல் (அச்சுகளைத் தேயாமல் தாங்கும் கற்கள்), மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு ஐந்து டிக். டயலில் பாரா ஷாக் என்று எழுதியிருப்பது பேலன்ஸ் அச்சைக் கீழே விழும் அதிர்ச்சியிலிருந்து காக்கும் அமைப்பைக் குறிக்கிறது. அதனால் ஜனதாவில் அந்த அச்சு உடைந்திருப்பது பழைய சுவிஸ் வாட்ச்களைவிடக் குறைவு. உடைந்திருந்தாலும் வழி உண்டு. எச்.எம்.டி. ஒரே மெஷினை வெவ்வேறு பெயர்களில் நிறைய மாடல்களில் போட்டிருக்கிறது. கேஸ் நசுங்கி, டயல் போன வாட்ச் ஒன்றை மலிவாக வாங்கினால் உள்ளிருக்கும் பாகங்கள் உங்கள் வாட்ச்சுக்கு உதவும். அவையும் அதே கம்பெனி செய்தவைதான். ஆனால் தேவைப்படும் ஒரு பாகத்தை மட்டும் எடுத்து மாட்டச் சொல்லுங்கள். சோம்பலில் மொத்த மெஷினையே மாற்றிப் போட்டு முடித்துவிடுவதும் நடக்கும். முன்பு எடுத்த உள்படம் இங்கேதான் கைகொடுக்கும். மெஷின் தகட்டில் உள்ள கீறல்கள், திருகுத் தலையின் காயங்கள் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு நுணுக்கம். பேலட் ஃபோர்க்கில் (சக்கரத்தை ஒவ்வொரு டிக்காக நகரவிடும் சின்னக் கவை) உள்ள சின்னச் சிவப்புக் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கற்கள் நகர்ந்துவிடும். வீட்டில் யூடியூப் பார்த்துத் தாமே பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, முதல் பிரிப்பைத் தாத்தாவின் வாட்ச்சில் செய்யாதீர்கள். பழைய மார்க்கெட்டில் ஓடாத ஜனதா ஒன்றை வாங்கி அதில் கை பழகுங்கள்.

ஆறாம் படி: டயல்

வாட்ச்சில் மறுபடி கிடைக்கவே கிடைக்காத பாகம் இதுதான். அதோடு எளிதில் கெடுவதும் இதுதான். டயலின் எழுத்துகள் பெரும்பாலும் மெல்லிய வார்னிஷ் பூச்சின் மேல் அச்சடிக்கப்பட்டவை. தண்ணீர், எச்சில், சோப்பு, ஸ்பிரிட் எது பட்டாலும் எழுத்து கழன்று பஞ்சோடு வந்துவிடும். ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் மெஷினைக் கழுவும்போது டயலையும் சேர்த்துப் போட்டுவிட்டால் வெறும் தகடுதான் மிஞ்சும்.

மஞ்சளேறியது, புள்ளி விழுந்தது எல்லாம் அழுக்கு இல்லை, வார்னிஷே நிறம் மாறியது. அதைத் துடைத்து எடுக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: ரப்பர் பல்பால் ஊதித் தூசியை அகற்றுவது. ஒட்டிக்கொண்டிருக்கும் துகளை ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் மெழுகு மாதிரியான பசையால், எழுத்து இல்லாத இடத்தில் ஒற்றி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. கண்ணாடியை மாற்றினாலே டயல் பாதி தெளிந்துவிடும்; மங்கலாகத் தெரிந்தது பெரும்பாலும் கண்ணாடியின் கீறல்கள்தான்.

டயலின் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் உண்டு, மெஷினில் நுழைத்துப் பக்கத் திருகால் இறுக்குவதற்கு. திருகைத் தளர்த்தாமல் நெம்பினால் கால் உடையும். உடைந்த டயலைச் சிலர் சூப்பர் க்ளூ போட்டு மெஷின்மேலேயே ஒட்டிவிடுவார்கள். அடுத்த சர்வீஸில் அதைப் பிரிக்கும்போது டயல் வளைந்துவிடும். கால் ஏற்கெனவே உடைந்திருந்தால் இருபுறமும் ஒட்டும் மெல்லிய ஒட்டுப்பொட்டுகள் கிடைக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

தண்ணீர் புகுந்து பச்சை பூத்து, ஒரு எண்கூடத் தெரியாத டயல் என்றால்? மறுஅச்சுதான் வழி என்ற நிலை வந்தால் உங்கள் தகட்டில் அடிக்கவிடாதீர்கள். மறுஅச்சின் முதல் வேலையே பழைய பரப்பைச் சுரண்டுவது. அதே அளவிலான வேறொரு பழைய டயலை வாங்கி அதில் அடித்து மாட்டுங்கள். தாத்தாவின் டயல் ஜிப் உறைக்குள் இருக்கட்டும்.

ஏழாம் படி: முட்களும் ஒளிரும் பூச்சும்

முள்ளைக் கழற்றும்போது டயலின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் தடம் நடுவில் வட்டமாக விழும். துருப்பிடித்த முள்ளை மாற்றுவதைவிட, துருவை மட்டும் லேசாக எடுத்துவிட்டு அப்படியே போடுவதுதான் எனக்குப் பிடித்தது. டயலும் முள்ளும் சேர்ந்தே வயதாகியிருக்கும். புது முள் போட்டால் உறுத்தும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு விஷயத்தில் விளையாட வேண்டாம். 1960களுக்கு முந்தைய சுவிஸ் வாட்ச்களில் அது நிஜமான ரேடியமாக இருக்கலாம். ஒளி நின்றுவிட்டது என்பதற்காக ஆபத்து போய்விட்டதாக அர்த்தமில்லை. ஒளிர்வது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு, அது சீக்கிரம் செத்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கட்டிக்கொள்வதைவிட அந்தத் தூள் மூக்கிலோ வயிற்றிலோ போவதுதான் பெரிய கெடுதல். ஆகவே சுரண்டக் கூடாது, திறந்து ஊதக் கூடாது, விவரம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும், மூடிய பெட்டியில் படுக்கையறையில் வைக்கக் கூடாது. டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில "டி" எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் இன்று பெரும்பகுதி அடங்கியிருக்கும். அதையும் சுரண்டாமல் விட்டுவிடுவதே நல்லது.

எட்டாம் படி: கேஸ்

பஃப் சக்கரத்தில் பிடித்தால் உலோகம் போகும். போனது போனதுதான். முதலில் கொம்புகளின் கூர் விளிம்பு மழுங்கும், பிறகு பின்மூடி எழுத்துகள் ஆழம் குறையும். ஸ்டீல் கேஸுக்கே இந்தக் கதி. பித்தளைமேல் முலாம் பூசிய கேஸில் ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிறகு முழுதும் உரித்து மறுமுலாம் பூசித்தான் ஆக வேண்டும். சுவிஸ் தங்க முலாம் கேஸ்களில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பொறித்திருப்பார்கள். 20 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் 50ல் ஒரு பங்கு, அவ்வளவுதான் இடைவெளி.

எனவே கேஸை சுத்தம் மட்டும் செய்யுங்கள். மெஷினை வெளியே எடுத்தபிறகு, வெறும் கேஸை மிதமான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, மென்மையான பல்துலக்கியாலும் மரப் பல்குச்சியாலும் கொம்புகளுக்கு இடையே, மூடியின் விளிம்பில் தேங்கிய பச்சை அழுக்கை எடுங்கள். வியர்வையும் பித்தளையும் சேர்ந்த கசடு அது, விட்டுவைத்தால் அரித்துக்கொண்டே போகும். நன்றாக உலர்த்திய பிறகே மெஷின் உள்ளே போக வேண்டும். வியர்வை தின்ற குழிகள் அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடி விஷயம் எளிது. பழைய வாட்ச்களில் அது பெரும்பாலும் அக்ரிலிக். மேலோட்டமான கீறல்களை அதற்கான பாலிஷ் பசையால் வீட்டிலேயே தேய்த்துப் போக்கலாம். விரிசல் இருந்தால் மாற்றுங்கள், தண்ணீரும் தூசியும் உள்ளே போய் டயலைத் தின்பதைவிட அது மேல். அதே குமிழ் வடிவத்தில் அக்ரிலிக்கே போடச் சொல்லுங்கள், தட்டையான மினரல் கண்ணாடி வேண்டாம். பழைய ஒமேகாவில் கண்ணாடியின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கம்பெனி முத்திரை இருக்கும், அந்தக் கண்ணாடியை உடைந்தாலும் வாங்கி வையுங்கள்.

சாவியின் பற்கள் தேய்ந்து வழுக்கினால் மாற்றத்தான் வேண்டும், பழையது உறைக்குள் போகட்டும். ஸ்ட்ராப் எதுவானாலும் சரி. கொம்புகளின் இடைவெளியை அளந்து வாங்குங்கள். அசல் கொக்கி இருந்தால் அதைப் புது ஸ்ட்ராப்பில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: திரும்ப வாங்கும்போதும் பிறகும்

பணம் கொடுப்பதற்கு முன் பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். டயல், முள், சாவி, பின்மூடி. கடையில் வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவி இருந்தால் அதன்மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்த்தபடி இருக்கையில் பேலன்ஸ் வீச்சு (அந்தச் சக்கரம் ஆடும் அளவு) 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல சர்வீஸ். 200க்குக் கீழே என்றால் ஏதோ மிச்சம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடுவது இந்த வயதுக்குக் குறையே இல்லை. ஒரு முழுச் சாவிக்கு ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். திடீரென்று ஒரு நாள் பல நிமிடங்கள் வேகமாக ஓடத் தொடங்கினால் பயப்படாதீர்கள். ஸ்பீக்கர், போன் கவரில் இருக்கும் காந்தம் பட்டிருக்கும். காந்தம் நீக்கும் கருவி கடையில் இருக்கும், நொடியில் சரியாகிவிடும்.

தண்ணீர் படக் கூடாது, பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள் (ரேடியம் வாட்ச்சுக்கு இது பொருந்தாது). கழற்றிய பாகங்களை ஜிப் உறையில் போட்டு, எந்த வாட்ச், எந்தத் தேதி, எந்தக் கடை, என்ன மாற்றினோம் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். படங்களின் பிரதியை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

கிடைத்தது சாவி வாட்ச் இல்லை, அப்பாவின் பழைய ஓசூர் டைட்டன் மாதிரி பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். செத்த பேட்டரி உள்ளேயே கசிந்தால் சர்க்யூட்டை அரித்துவிடும். வாட்ச்சைக் கட்டப்போவதில்லை என்றால் புது பேட்டரியும் போட வேண்டாம்.